குறைமாதப் பிள்ளைக்கும் அதே 98 நாளா?

மலேசியா, சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்ட நிர்வாகத்தாருக்கு வணக்கம்.

இருபது வருடத்துக்கு மேல் ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்தவள் நான். தூக்கினாலே எடை சொல்லிவிடுவேன் என்ற திமிர் எனக்கு உண்டு. பேத்தியைப் பார்த்த அன்று அது அடங்கியது. 28ஆம் வாரத்தில் பிறந்தாள், 1,050 கிராம். கடையில் ஒரு கிலோ சீனிப் பொட்டலத்தைத் தூக்கிப் பாருங்கள், புரியும்.

முதல் வாரத்தில் அதுவும் 960க்கு இறங்கியது. உடம்பு நீர் வடிவதால் அப்படித்தான், இரண்டு வாரத்தில் ஏறிவிடும் என்றார் தாதி. ஏறியது, ஆனால் சும்மா ஏறவில்லை. உறிஞ்சுவதையும் விழுங்குவதையும் மூச்சுவிடுவதையும் ஒருசேரச் செய்ய 34 வாரமாவது ஆகவேண்டுமாம். அதுவரை குழாய் வழியாகத்தான் பால். மருமகள் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பீய்ச்சிக் கொடுத்தாள். தாய்ப்பால் குடலைக் காக்கும், ஆனால் இந்த எடைக்கு அது மட்டும் போதாது என்று புரதமும் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்த தூளை அதில் கலந்தார்கள். பிள்ளையை வெறும் மார்பில் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தாள். குடித்ததெல்லாம் உடம்பைச் சூடாக வைக்கவே தீர்ந்துவிட்டால் சதை எப்படிப் பிடிக்கும்? ஒரு நாளில் 20 கிராம் ஏறினால் எங்களுக்கு அன்று தீபாவளி.

இனி உங்கள் கணக்குக்கு வருகிறேன். பேறுகால விடுப்பு 98 நாள். பேத்தி 12 வாரம், அதாவது 84 நாள் முந்திப் பிறந்தவள். இவள் வளர்ச்சியை மருத்துவர்கள் பிறந்திருக்கவேண்டிய தேதியிலிருந்துதான் அளக்கிறார்கள். ஆக, மருமகள் தோட்டத்தில் எண்ணெய்ப்பனையின் உதிரிப் பழம் பொறுக்கத் திரும்பிய அன்று பிள்ளைக்கு வயது 14 நாள். "மூன்று மாதப் பிள்ளைதானே, கொட்டகையில் விடலாமே" என்கிறார் தோட்டத்துக் கணக்கர் கிராணி. நானே ஆயாவாக இருந்திருந்தாலும் வாங்கியிருக்கமாட்டேன். பக்கத்துத் தொட்டிலில் ஒன்று இருமினால் போதும், இந்த நுரையீரல் தாங்காது.

மதியம் வீடு திரும்பும்போது மருமகளின் நீளக்கைச் சட்டை பால் கட்டி மார்பெல்லாம் நனைந்திருக்கிறது.

98 என்பது சட்டம் சொல்லும் குறைந்த அளவு. கூடுதலாகக் கொடுத்தால் யாரும் உங்களைக் கேட்கப்போவதில்லை. பிள்ளை மருத்துவமனையில் கிடந்த நாட்களை விடுப்பிலிருந்து கழிக்காதீர்கள். அதுவும் முடியாதென்றால், வேலைக்குத் திரும்பிய முதல் மூன்று மாதம் அரை நாள் வேலை கொடுங்கள். கிளினிக் நாளில் ஆப்சென்ட் போடாதீர்கள்.

வரும் வியாழக்கிழமை எடை பார்க்கும் நாள். மருமகளுக்கு அன்று வேலை. நான்தான் தூக்கிக்கொண்டு போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய ஆயா