இடிந்த சுவர்மேல் ஒரு சிறுவன்

அன்புள்ள தங்கைக்கு,

'ஹ்யூ அண்ட் க்ரை' படத்தை இருபதாவது நிமிடத்தில் நிறுத்திவிட்டதாக எழுதியிருந்தாய். "இது சிறுவர் படம்தானே அண்ணா" என்றும் கேட்டிருந்தாய். அந்த ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை.

1947-இல் லண்டனின் ஈலிங் ஸ்டுடியோவுக்காக சார்லஸ் கிரைட்டன் இயக்கிய படம். ஜோ என்ற பையன் படிக்கும் படக்கதை இதழில் வந்த லாரி எண், நிஜத் தெருவில் அவன் கண்ணெதிரே வந்து நிற்கிறது. திருட்டுக் கும்பல் ஒன்று அந்த இதழின் வழியாகவே தன் ஆட்களுக்குச் சங்கேதச் செய்தி அனுப்புகிறது. பையன் சொல்வதைப் போலீஸ் இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. கண்டதையும் படித்ததால் வந்த கற்பனை என்கிறார். பாடப்புத்தகத்துக்குள் படக்கதையை மறைத்து வைத்து அடி வாங்கியவர்கள் நாம். ஜோவை எப்படி நடுவழியில் விட்டுவிட்டு எழுந்தாய்?

அந்தப் படக்கதையை எழுதுபவராக வரும் நடிகர் அலஸ்டர் சிம்மையாவது பார்த்திருக்கலாம். இருண்ட படிக்கட்டில் ஏறிப் போகும் பையன்களைவிட, கொலையும் கொள்ளையுமாக எழுதித் தள்ளும் அந்த மனிதர்தான் அதிகம் நடுங்குகிறார்.

ஆனால் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது வேறொன்றை. இடிபாடுகளுக்கு நடுவே ஒரு சிறுவன் போர் விமானம் பாய்வதையும் துப்பாக்கி வெடிப்பதையும் வாயாலேயே ஒலித்துக்கொண்டிருக்கிறான். அந்த இடிபாடு அரங்க அமைப்பு அல்ல, தங்கையே. அதற்குச் சில ஆண்டுகள் முன் இரண்டாம் உலகப் போரில் நிஜ விமானங்கள் நிஜமாகவே தகர்த்த லண்டன் அது. கூரையில்லாத வீடுகள், பாதியில் நிற்கும் மாடிப்படிகள். யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை, பின்னணி இசை அழுவதில்லை. பிள்ளைகள் அங்கே ஓடிப் பிடித்து விளையாடுகிறார்கள். எத்தனையோ போர்ப் படங்கள் என்னை அழவைத்திருக்கின்றன. இந்த நகைச்சுவைப் படத்தில் அந்தப் பையனின் வாய்ச்சத்தம் கேட்டபோது எனக்கு நெஞ்சு அடைத்தது.

படத்தின் பெயர் ஒரு பழைய ஆங்கிலச் சட்டச் சொல். திருடனைக் கண்டவர் கூவ வேண்டும், கேட்டவர்கள் எல்லோரும் துரத்த வேண்டும். 1285-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அது இருக்கிறது. முடிவில் லண்டன் பையன்கள் நூற்றுக்கணக்கில் அந்தக் கற்குவியல்கள்மேல் பாய்ந்து வருவதைப் பார்க்கும்போது பெயரின் பொருள் விளங்கும்.

ஞாயிற்றுக்கிழமை வா. நீ நிறுத்திய இடத்திலிருந்து பார்ப்போம். மருமகனையும் அழைத்து வா, அவனும் வாயாலேயே விமானம் ஓட்டுகிறவன்தானே.

அன்புடன்,
அண்ணன்