பெயின்ட்டைத் தொட வேண்டாம் என்று சொல்லி அனுப்பிய டிங்கி லேண்ட்ரோவர் பற்றிய முறைப்பாடு

டிக்கோயா

முகாமையாளர் அவர்களுக்கு,

பழைய உலோக விளையாட்டு வாகனங்களைத் திருத்தித் தருவதாக நீங்கள் செய்த விளம்பரத்தை நம்பி, எங்கள் வீட்டு டிங்கி லேண்ட்ரோவரை, அதாவது டிங்கி கம்பெனி வார்த்த சின்ன விளையாட்டு வண்டியை, உங்களிடம் அனுப்பினேன். இந்த வாரம் கூரியரில் திரும்பி வந்ததை எங்கள் வண்டி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் கேட்டது மூன்றே வேலை. வளைந்திருந்த முன் அச்சை நிமிர்த்த வேண்டும். வெடித்துப்போன டயர்களுக்குப் பதிலாக, அதே அளவில் வரி வெட்டிய கறுப்பு ரப்பர் டயர் போட வேண்டும். மடங்கிக் கிடந்த முன்கண்ணாடித் தகரச் சட்டத்தை நேராக்க வேண்டும். பெயின்ட்டைத் தொட வேண்டாம் என்று உங்கள் படிவத்திலேயே எழுதி, கீழே கோடும் போட்டிருந்தேன். வட்ஸ்அப்பிலும் கேட்டேன். "சரி சேர், பெயின்ட்டுல கை வைக்க மாட்டோம்" என்று உங்கள் ஊழியர் பதில் போட்டிருக்கிறார். இரண்டின் படங்களையும் இணைத்திருக்கிறேன்.

வந்திருப்பதைச் சொல்கிறேன். பழைய பெயின்ட் முழுவதும் உரிக்கப்பட்டு, மோட்டார் வாகனங்களுக்கு அடிக்கும் பளபளப்புப் பெயின்ட் தடிப்பாக அடிக்கப்பட்டிருக்கிறது. கதவின் கோடுகள் அதில் மூழ்கிவிட்டன. வெளியே செம்மஞ்சள், உள்ளே கரும்பச்சை என்றிருந்த வண்டி இப்போது உள்ளும் புறமும் ஒரே செம்மஞ்சள். அடித்தகட்டில் இருந்த எழுத்துகளை விரலால் தடவினாலும் தெரியவில்லை. ஏதோ புது விளையாட்டுக் காரில் கழற்றிய பிளாஸ்டிக் சக்கரங்களைப் பூட்டியிருக்கிறீர்கள். இருக்கையில் இருந்த டிரைவர் பொம்மையைக் காணோம்.

உடம்பையும் அடித்தகட்டையும் பிணைக்கும் ரிவெட் விஷயம் இன்னும் மோசம். அடித்தகட்டைக் கழற்ற வேண்டுமென்றால் ரிவெட்டின் விரிந்த தலையை மட்டும் மெதுவாக அரைத்து எடுப்பார்கள். கீழே நிற்கும் தூணில் சின்னதாக மரை போட்டு, பிறகு சிறிய திருகாணியால் பூட்டலாம். நீங்கள் தூணையே துளைத்துப் பெரிய திருகாணியை இறுக்கியதில் உடம்பில் வெடிப்பு விழுந்திருக்கிறது. இந்த உலோகம் இரும்பு அல்ல, வளைந்து கொடுக்காது. பழைய டிங்கி வண்டிகளைத் திருத்துகிறவர்களுக்கு இது முதல் பாடம்.

தொலைபேசியில் கேட்டபோது உங்கள் ஊழியர், காஸ்டிக் சோடாவில் ஊறப்போட்டுப் பெயின்ட்டை எடுத்ததாகச் சொன்னார். டிங்கி வண்டிகள் மசாக் என்ற கலப்பு உலோகத்தில் வார்க்கப்பட்டவை. அதில் பெரும்பகுதி துத்தநாகம், ஏறத்தாழ 4 சதவீதம் அலுமினியம். காஸ்டிக் சோடா இந்த இரண்டையும் அரிக்கும். பெயின்ட் கரைந்த பிறகும் வண்டியை அதிலேயே விட்டால் உலோகமும் கரையத் தொடங்கும். எங்கள் வண்டியின் பொனட்டிலும் உட்பக்க மூலைகளிலும் அம்மைத் தழும்பு போல் குழிகள் விழுந்திருப்பது அதனால்தான். சரியாகக் கழுவாமல் மேலே பெயின்ட் அடித்திருந்தால் உள்ளே தங்கிய சோடா தொடர்ந்து வேலை செய்யும். டிக்கோயாவின் ஈரக் காற்றில் பெயின்ட் எவ்வளவு நாள் கொப்புளிக்காமல் நிற்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

அதற்கு, "பழைய உலோகம் சேர், தானா பொரிஞ்சிருக்கும்" என்று ஒரு சமாதானம் சொன்னார்கள். அதை நான் ஏற்கவில்லை. வார்ப்பில் ஈயம் போன்ற மாசு கலந்துவிட்டால் உலோகம் உள்ளிருந்தே உப்பி, கோணி, வெடித்து உதிர்வது உண்மைதான். ஆனால் அது பெரும்பாலும் இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய வார்ப்புகளில் வரும் நோய். இந்த லேண்ட்ரோவரை டிங்கி வெளியிட்டது 1950இல், அதாவது போருக்குப் பிறகு, 27டி என்ற பட்டியல் இலக்கத்தில். 1954இல் இலக்கம் 340 ஆனது. அனுப்புமுன் எடுத்த படங்களில் உடம்பு நேராக, ஒரு கீறல் வெடிப்பு இல்லாமல் இருப்பதைப் பாருங்கள்.

என் தாத்தா தோட்டத்தில் லேண்ட்ரோவர் ஓட்டியவர். 1975இல் கம்பெனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்த பிறகு துரை குடும்பம் ஊருக்குப் புறப்பட்டபோது, தங்கள் பிள்ளை விளையாடிய இந்த வண்டியைத் தாத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். பிறகு நாங்கள் இருந்த லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) வாசலில் அப்பா ஓட்டினார், சித்தப்பாமார் ஓட்டினார்கள், நானும் ஓட்டினேன். பொனட்டில் பெயின்ட் தேய்ந்திருந்த இடம் நாங்கள் எல்லோரும் விரல் வைத்துத் தள்ளிய இடம். அதைத்தான் அப்படியே வைக்கச் சொன்னேன். சேகரிப்பவர்களைக் கேட்டாலும், உதிர்ந்திருந்தாலும் பழைய பெயின்ட் உள்ள வண்டிக்குத்தான் புதிதாக அடித்ததைவிட மதிப்பு என்பார்கள். விலைக்காக நான் இதை வைத்திருக்கவில்லை. உங்கள் தொழிலில் இருப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். இதைச் செய்த லிவர்பூல் பின்ஸ் ரோட் தொழிற்சாலை 1979இலேயே மூடப்பட்டது. இன்னொன்று வாங்கித் தருகிறோம் என்றாலும் அது எங்கள் வண்டி ஆகாது.

இலவசமாகத் திரும்பச் செய்து தருகிறோம் என்றீர்கள். வேண்டாம். உங்கள் பட்டறையில் அது இனி ஏற வேண்டியதில்லை. நான் கட்டிய பணத்தையும் கூரியர் செலவையும் முழுதாகத் திருப்பித் தாருங்கள். என்ன இரசாயனம், எவ்வளவு நேரம், பிறகு எதில் கழுவினீர்கள், எந்தப் பெயின்ட் அடித்தீர்கள் என்பதை எழுத்தில் தாருங்கள். அது தெரிந்தால்தான் மிச்சமுள்ள உலோகத்தையாவது காப்பாற்ற வழி பார்க்கலாம். அப்புறம், திருத்துவதற்கும் புதிதாகப் பெயின்ட் அடிப்பதற்கும் உங்கள் படிவத்தில் தனித்தனிக் கட்டம் வையுங்கள். வேலை செய்பவர் அதைப் படித்த பிறகு வண்டியைக் கையில் எடுக்கட்டும்.

இரண்டு வாரத்துக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறைப்பாடு செய்வேன். படிவம், பற்றுச்சீட்டு, படங்கள் எல்லாம் கைவசம் இருக்கின்றன.

கழற்றிய பழைய அச்சு, சக்கரங்கள், டயர்கள் எந்த நிலையில் இருந்தாலும் எனக்கு வேண்டும். டிரைவர் பொம்மை கட்டாயம் வேண்டும். பட்டறையின் குப்பைக் கூடையையும் அலசித் தேடிப் பாருங்கள். கிடைத்ததும் பஞ்சில் சுற்றி, பதிவுத் தபாலில் அனுப்பி வையுங்கள். பெயின்ட் எதுவும் அடிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
வண்டியின் உரிமையாளர்