மார்பு கனக்கிறது என்று சொன்னாயே

அன்புள்ள கண்ணம்மா,

நேற்று ராத்திரி போனில் பேசிக்கொண்டிருந்தபோது நடுவில் குரலைத் தாழ்த்திக்கொண்டாய். "பீரியட்ஸுக்குப் பத்து நாள் முன்னாலேயே மார்பு கனத்துப்போகுதும்மா, படி இறங்கினாலே வலிக்குது" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் வேறு பேச்சுக்குத் தாவிவிட்டாய். அப்புறம் போனை வைக்கிற நேரத்தில், ஏதோ மூலிகை கேப்ஸ்யூல் வாங்கி வைத்திருக்கிறேன், நாளையிலிருந்து சாப்பிடப் போகிறேன் என்று ஒரு வரி. அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், நீயும் கூச்சத்தில் "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்த டப்பாவை இன்னும் பிரிக்காதே. மூலிகை கூடாது என்று சொல்லவில்லை. சிலது உண்மையாகவே உதவும், அதையும் கீழே எழுதியிருக்கிறேன். ஆனால் உனக்கு வருவது எந்த வகை வலி என்று தெரியாமல் மருந்தை ஆரம்பித்தால், குறைந்தாலும் எதனால் குறைந்தது என்று தெரியாது, குறையாவிட்டாலும் தெரியாது.

எனக்கும் உன் வயதில் இதே வலி இருந்தது. உன் பாட்டியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் வீட்டில் மார்பு என்ற சொல்லையே யாரும் சொல்லமாட்டார்கள். புற்றுநோயாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டு, விளக்கை அணைத்த பிறகு தடவித் தடவிப் பார்ப்பேன். உள்ளே திரள் திரளாகத் தட்டுப்படும், நெஞ்சு அடைத்துக்கொள்ளும். ஆறு வருடம் கழித்து ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். இரண்டு பக்கமும் வலிக்கிறதா, ரத்தம் பட்டதும் குறைகிறதா, கை தூக்கினால் அக்குள் வரை இழுக்கிறதா என்று மூன்று கேள்வி கேட்டார், கையால் பரிசோதித்தார், பயப்பட ஒன்றுமில்லை என்றார். அன்றைக்கு வீடு திரும்பும்போதே வலி பாதியாகிவிட்டது. பயம் போனாலே வலி குறையும் என்பதை இந்தத் துறை மருத்துவர்கள் எல்லோரும் அறிவார்கள். பெரும்பாலான பெண்களுக்கு அதற்கு மேல் மருந்தே தேவைப்படுவதில்லை. அந்த ஆறு வருடத்தில் ஒரு நாள்கூட நீ இருக்கக்கூடாது என்றுதான் இவ்வளவு எழுதுகிறேன்.

பத்துப் பெண்களில் ஏழு பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது மார்பக வலி வரும். அதில் மூன்றில் இரண்டு பங்கு மாதச் சுழற்சியோடு சேர்ந்து வருவது. கருமுட்டை வெளியான பிறகு உடலில் ஹார்மோன்கள் ஏறி இறங்குகின்றன. ஒரு குழந்தை தங்கினால் பால் சுரக்க வேண்டுமே என்று மார்பகம் ஒவ்வொரு மாதமும் தயாராகிறது. உள்ளே இருக்கும் சுரப்பிகள் பெருக்கும், திசுவில் நீர் கோக்கும், அதனால்தான் அந்தக் கனம். இரண்டு பக்கமும், முக்கியமாக மேல்புறம் வெளிப்பக்கம் அக்குளை ஒட்டி வலிக்கும். மாதவிடாய் வந்ததும் காற்று இறங்கியது போல இறங்கிவிடும். நீ சொன்னதைக் கேட்டால் இந்த வகையாகத்தான் தெரிகிறது, ஆனால் போனில் கேட்டு நான் முடிவு செய்யக்கூடாது.

மீதி ஒரு பங்குக்குத் தேதி கிடையாது. ஒரே பக்கம், ஒரே இடம், எந்த நாளிலும் வரலாம். சில சமயம் அது மார்பகத்தின் வலியாகவே இருக்காது, பின்னால் விலா எலும்பு நெஞ்செலும்போடு சேரும் இடத்தில் இருக்கும். ஒருக்களித்துப் படுத்தால் மார்பகம் சரிந்து விலகும், அப்போது எலும்பின் மேலேயே விரலால் அழுத்திப் பார். அங்கே சுருக்கென்றால் அதையும் டாக்டரிடம் சொல்.

அதனால் ஒரு சின்ன வேலை. காலண்டரில் தினமும் இரவு வலிக்கு ஒரு மதிப்பெண் போடு. வலியே இல்லை என்றால் 0, தாங்க முடியவில்லை என்றால் 10. மாதவிடாய் நாட்களைச் சுழித்து வை. இரண்டு முழுச் சுழற்சி ஓடட்டும். வேல்ஸில் உள்ள கார்டிஃப் நகரில் மார்பக வலிக்கென்றே நடந்த சிகிச்சை மையம் இப்படி ஒரு அட்டவணையை வைத்துத்தான் பெண்களைக் கவனித்தது. இன்றும் பல நாடுகளில் டாக்டர்கள் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். எழுதிப் பார்த்தால் நீயே ஆச்சரியப்படுவாய். மாதம் முழுக்க வலிக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், எழுதியபோது ஒன்பது நாள்தான்.

இந்த இரண்டு மாதமும் சும்மா வலியைத் தாங்கு என்று சொல்லமாட்டேன். அளவான பிரா போடு. இது உனக்கு மருந்தாகவே தோன்றாது, ஆனால் எனக்குத் தெரிந்தவரை இதைப்போல உதவுவது வேறு இல்லை. 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் ஸ்போர்ட்ஸ் பிரா அணிந்த பெண்களில் 85 சதவீதம் பேருக்கு வலி குறைந்தது. டானசோல் என்ற ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டவர்களில் 58 சதவீதம் பேருக்குத்தான் குறைந்தது, அந்த மாத்திரைக்குப் பக்கவிளைவுகளும் உண்டு. மார்பகத்தைத் தாங்கிப் பிடிப்பது மெல்லிய இழைகளும் தோலும்தான், கனம் ஏறியிருக்கும் நாளில் ஒவ்வொரு அடிக்கும் அவை இழுபடும். நீ கல்லூரிக் காலத்து அளவையே இன்னும் வாங்குகிறாய் என்று எனக்குத் தெரியும். நாடாவை வைத்து மறுபடி அள. வலிக்கிற நாட்களில் ராத்திரியும் கம்பியில்லாத மெல்லியது ஒன்றைப் போட்டுக்கொண்டு தூங்கலாம்.

வெந்நீர் ஒத்தடமா, ஐஸா என்று கேட்பாய். எது இதமாக இருக்கிறதோ அது. ஐஸைத் துணியில் சுற்றி, பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வலி முற்றினால் டைக்ளோஃபெனாக் ஜெல் மேலே தடவலாம், அதற்கு நல்ல பலன் உண்டு என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மூலிகைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து ராத்திரி முழுக்க வலியோடு புரளாதே. ஆஸ்துமா, வயிற்றுப்புண் இருந்தாலும், கர்ப்பம் என்று சந்தேகம் இருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் ஜெல்லைத் தொடாதே.

சரி, இனி மூலிகை.

நான் முதலில் கைகாட்டுவது ஆளி விதை. கனடாவின் மகப்பேறு, பெண்ணோயியல் மருத்துவர் சங்கம் 2006இல் மார்பக வலிக்கு வெளியிட்ட வழிகாட்டியில், மாதச் சுழற்சியோடு வரும் வலிக்கு முதல் நிலையிலேயே இதைச் சேர்த்தது. நாளுக்கு 25 கிராம், அதாவது பொடித்தது ஏறக்குறைய மூன்றரை மேசைக்கரண்டி. இதில் லிக்னான் என்ற பொருள் இருக்கிறது. அது உடலில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைப் போல மிக லேசாக நடந்துகொண்டு, உண்மையான ஈஸ்ட்ரோஜனின் வேகத்தைக் கொஞ்சம் தணிக்கிறது என்பதுதான் விளக்கம். முழு விதையாக விழுங்கினால் அப்படியே வெளியே போய்விடும், பொடித்துத்தான் சாப்பிட வேண்டும். எடுத்த எடுப்பில் 25 கிராம் வேண்டாம், வயிறு உப்பும். ஒரு கரண்டியில் தொடங்கி மெல்ல ஏற்று, தண்ணீர் நிறையக் குடி. வேறு மாத்திரை ஏதாவது சாப்பிட்டால் இரண்டு மணி நேரம் இடைவெளி விடு, விதையின் கொழகொழப்பு மருந்தை உடலில் சேரவிடாமல் தடுக்கும். கருத்தரிக்க முயலும்போது இந்த அளவு வேண்டாம்.

அடுத்தது சேஸ்ட்பெர்ரி. உன் டப்பாவில் இருப்பது இதுவாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன், பெண்களுக்கான கேப்ஸ்யூல்களில் இது அடிக்கடி வரும். ஐரோப்பாவில் மத்தியதரைக் கடல் ஓரம் வளரும் ஒரு புதர்ச் செடியின் காய் அது. மூளைக்குள் டோபமைன் வேலை செய்யும் இடத்தில் இது ஒட்டிக்கொண்டு, பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோனைக் குறைக்கிறது. 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 170 பெண்களை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று வந்தது. மூன்று மாதச் சுழற்சி இதைச் சாப்பிட்டவர்களில் 52 சதவீதம் பேருக்கு மாதவிடாய்க்கு முந்தைய தொல்லைகள் பாதிக்கு மேல் குறைந்தன, மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 24 சதவீதம் பேருக்கு. மார்பு கனமும் குறைந்தவற்றில் ஒன்று. ஆக, வேலை செய்கிற பொருள்தான். வேலை செய்கிறது என்பதாலேயே கவனமும் வேண்டும். கர்ப்பத்திலும் பால் கொடுக்கும்போதும் கூடாது. கருத்தடை மாத்திரை, மனநலத்துக்கான சில மருந்துகள், பார்கின்சன் நோய்க்கான மருந்துகள் இவற்றோடு மோதக்கூடும். ஈஸ்ட்ரோஜன் சார்ந்த நோய் இருப்பவர்களுக்கும் ஆகாது.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். சேஸ்ட்பெர்ரியும் நொச்சியும் ஒன்றுதான் என்று நினைத்துவிடலாம். இரண்டும் வைட்டெக்ஸ் என்ற ஒரே பேரினம்தான், ஆனால் வேறு வேறு செடிகள். நாம் ஆவி பிடிக்கிற நொச்சிக்கு அந்த ஆய்வின் பலனைத் தூக்கிக் கொடுக்க முடியாது. நொச்சி இலையை அரைத்துக் குடிக்கலாமா என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடு.

ஈவ்னிங் பிரிம்ரோஸ் என்ற பூச்செடியின் விதை எண்ணெயை நானே எட்டு மாதம் சாப்பிட்டேன். அந்தக் காலத்தில் மார்பக வலி என்றாலே அதைத்தான் கொடுப்பார்கள். பிரிட்டனில் அதற்கு மருந்து என்ற உரிமமே இருந்தது. 2002இல் பலன் போதவில்லை என்று அந்த உரிமத்தைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். வெறும் எண்ணெய் கேப்ஸ்யூலோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எனக்குக் குறைந்தது என்னவோ உண்மை. ஆனால் அதே சமயத்தில் பிராவை மாற்றியிருந்தேன், தினமும் நடக்கவும் ஆரம்பித்திருந்தேன். எதனால் குறைந்தது என்று இன்று வரை என்னால் சொல்ல முடியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மூன்று மாதம் கொடு என்று உன்னிடம் கெஞ்சுவது அதனால்தான்.

காபியை நிறுத்தினால் போய்விடும் என்று 1970களின் கடைசியில் ஒரு கருத்து கிளம்பியது, பின்னால் வந்த ஆய்வுகள் அதை உறுதி செய்யவில்லை. ஒரு மாதம் குறைத்துப் பார், வித்தியாசம் இருந்தால் தொடர், இல்லாவிட்டால் நிம்மதியாகக் குடி. வைட்டமின் ஈ-க்கு உறுதியான ஆதாரம் இல்லை, அதிக அளவில் ரத்தக் கசிவு ஆபத்தும் உண்டு. வைட்டமின் பி6 நிறைய நாள் அதிகமாகப் போனால் நரம்பு மரத்துப்போகும். அயோடின் சொட்டு மருந்தை யார் சொன்னாலும் நீயாக எடுக்காதே, தைராய்டைக் கெடுக்கும்.

உன் அக்காவுக்குப் பால் கட்டியபோது குளிர்ந்த முட்டைக்கோஸ் இலை வைத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அது பால் கட்டுக்கு, உன் வலிக்கு அல்ல. அப்போதும் அவளுக்கு இதமாக இருந்தது குளிர்ச்சிதான் என்று நினைக்கிறேன். மூன்றாம் நாள் ஒரு பக்கம் சிவந்து காய்ச்சல் வந்ததும் இலையைத் தூக்கிப் போட்டுவிட்டு டாக்டரிடம்தான் ஓடினோம்.

நீயும் ஓட வேண்டிய நேரங்கள் உண்டு. மாதவிடாய் முடிந்த பிறகும் கரையாத கட்டி. ஒரே இடத்தில் விடாத வலி. அழுத்தாமலே காம்பிலிருந்து நீர், அதிலும் ரத்தம் கலந்த நீர். காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொள்வது. தோல் ஆரஞ்சுப் பழத் தொலி போலக் குழி விழுவது, சிவந்து சூடாக இருப்பது. கட்டி இல்லாமல் வலி மட்டும் இருந்து அது புற்றுநோயாக இருப்பது மிக அரிது, ஆனாலும் இதில் ஒன்று இருந்தால்கூட இரண்டு மாதக் கணக்கு கிடையாது, அந்த வாரமே போ. நெஞ்சை அழுத்தி மூச்சு வாங்கினாலோ வியர்த்துக் கொட்டினாலோ அது வேறு சமாச்சாரம், உடனே அவசர சிகிச்சை.

இன்னும் ஒன்று. நாள் தள்ளிப்போயிருந்தால் முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்துகொள், மார்பு வலிதான் பலருக்கு முதல் அறிகுறி. கருத்தடை மாத்திரை எடுக்கிறாயா என்று நான் கேட்கவில்லை, என்னிடம் சொல்லவும் வேண்டாம். டாக்டரிடம் மட்டும் மறைக்காதே, அந்த மாத்திரையாலும் இந்த வலி வரும்.

நாளைக்குக் காலையில் அந்த டப்பாவின் பின்பக்கத்தை, பொருள்களும் அளவும் தெரியும்படி போட்டோ எடுத்து அனுப்பு. பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது போல ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். இன்று இரவு மதிப்பெண் எவ்வளவு என்றும் ஒரு எண் மட்டும் அனுப்பு, வேறு எதுவும் எழுத வேண்டாம்.

அன்புடன்,
அம்மா