சிரிக்காத மேடம்

அன்புள்ள கயலுக்கு,

நேற்று ராத்திரி நீ அழுதது இன்னும் காதிலேயே இருக்கிறது. போனில் சொன்னால் பாதியில் குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

உன் வகுப்புப் பிள்ளைகள் உன்னைப் பற்றி எழுதிக் கொடுத்த ஃபீட்பேக்கில் பாடத்துக்கு நல்ல மார்க், 'எளிதில் அணுகலாமா?' என்ற கேள்விக்கு மட்டும் அடிமட்டம். துறைத் தலைவர் கூப்பிட்டு, "கொஞ்சம் சிரிங்க மேடம்" என்றாராம். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

1970-இல் அமெரிக்காவில் ஒரு நடிகரை 'டாக்டர் ஃபாக்ஸ்' என்று அறிமுகப்படுத்தி, மனநல மருத்துவர்கள் முன்னால் பேசவிட்டார்கள். முன்னுக்குப் பின் முரணான வெற்றுப் பேச்சு, ஆனால் ஒரே கலகலப்பு. கேட்டவர்களில் பெரும்பாலோர் பிரமாதம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அப்புறம் 1993-இல் ஹார்வர்டில் உளவியல் ஆய்வாளர்கள் நளினி அம்பாடியும் ராபர்ட் ரோசென்தாலும் ஆசிரியர்கள் பாடம் நடத்தும் வீடியோவை, சத்தமே இல்லாமல், அரை நிமிஷம்கூட இல்லாத துண்டுகளாக முன்பின் தெரியாதவர்களுக்குக் காட்டினார்கள். அவர்கள் போட்ட மதிப்பெண், செமஸ்டர் முழுக்க உட்கார்ந்து படித்த மாணவர்கள் போட்டதோடு பெரும்பாலும் ஒத்துப்போனது. ஆக, அந்த மார்க்கில் பாதி உன் முகத்துக்கு. அந்த முகம் என்னிடமிருந்து வந்தது, நீ என்ன செய்வாய்!

அதற்காகப் பிள்ளைகள் எழுதியதையெல்லாம் தூக்கிப் போட்டுவிடாதே. பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் வருஷத்துக்கு நான் ரியல் அனாலிசிஸ் பாடம் எடுத்த காலம். எப்சிலான், டெல்டா எல்லாம் போர்டு நிறைய எழுதிவிட்டு "புரியுதா?" என்பேன். "புரியுது மேடம்" என்று கோரஸாக வரும். இன்டர்னல் பேப்பரில் பார்த்தால், முதல் பெஞ்சுப் பெண் அந்தக் கணக்கைத் தொடவே இல்லை. ஏம்மா கேட்கவில்லை என்றேன். "நீங்க வாட்சைப் பார்த்துக்கிட்டே கேட்டீங்க மேடம்" என்றாள். எனக்கு நேரம் போதாதே என்ற பதற்றம். அவளுக்கு அது எரிச்சலாகத் தெரிந்திருக்கிறது.

பக்கத்து வகுப்பு சார் ஜோக் அடித்தே பெயர் வாங்கியவர். பாடமும் நன்றாக நடத்தினார், அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். நானும் ஒருநாள் ஜோக் சொல்லிப் பார்த்தேன். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சரி, நமக்கு இது வராது என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பதில் வாட்சைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். கடைசிப் பத்து நிமிஷம் யாரையாவது போர்டுக்கு அனுப்பிவிட்டு, நான் போய்க் கடைசி பெஞ்சில் உட்காருவேன். வருஷம் முழுக்க வாயே திறக்காத பிள்ளைகள், "மேடம், அந்த ரெண்டாவது வரி எப்படி வந்துச்சு?" என்று பக்கத்தில் மெதுவாகக் கேட்கும். அப்போதும் நான் சிரித்ததாக ஞாபகம் இல்லை.

உன் வகுப்பில் கடைசி பெஞ்சில் யார் யார் உட்காருகிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது பெயரோடு சொல். இட்லிப் பொடி பார்சல் அனுப்பியிருக்கிறேன். ஹாஸ்டல் வார்டனுக்கும் கொஞ்சம் கொடு.

அன்புடன்,
அம்மா