அரையாண்டு விடுமுறைக்கு முன் ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. குறுவட்ட விளையாட்டுப் போட்டியில் நம் பிள்ளைகள் பரிசு வாங்கினார்கள், பேச்சுப் போட்டியிலும் அப்படியே. நூலகத்துக்குப் புது அலமாரி வந்துவிட்டது. எல்லாருக்கும் வாழ்த்துகள்.

அப்புறம், ஒன்பதாம் வகுப்பார் செய்த நுரையீரல் மாதிரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2018 நவம்பரில் டெல்லி கங்காராம் மருத்துவமனையில் வடிகட்டித் துணியால் ஆன பெரிய வெள்ளை நுரையீரலை வைத்தார்கள். மாசடைந்த காற்றில் சில நாட்களிலேயே அது கறுத்துப்போனது. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நம் பிள்ளைகளுக்கு யோசனை வந்தது. ஆனால் இவர்கள் செய்தது வகுப்பறைக் காற்றுக்காக. காகிதக் கூழில் நுரையீரல், உள்ளே விளக்குகள், பக்கத்தில் நுண்துகளுக்கு ஒரு சென்சார், கரியமில வாயுவுக்கு ஒன்று. காற்று நன்றாக இருந்தால் பச்சை, கெட்டால் மஞ்சள், பிறகு சிவப்பு. ஜன்னலைத் திறந்து மூடி யார் வேண்டுமானாலும் சோதிக்கலாம். வெள்ளிக்கிழமை என் அறையில் போடும் சாம்பிராணிக்கும் சிவந்தது. சாம்பிராணியை நிறுத்திவிட்டேன்.

வாசலை ஒட்டிய ஒன்றாம் வகுப்பில் இதை மாட்டினோம். பகலெல்லாம் பச்சை. மாலை மூன்றரை நெருங்கினால் சிவப்பு. ஜன்னலுக்கு வெளியே இன்ஜினை அணைக்காமல் காத்திருக்கும் வண்டிகள்தான் காரணம்.

சரி, அந்த நேரத்துக்கு ஜன்னலை மூடலாம் என்று மூடிப் பார்த்தோம். 40 பிள்ளைகள் மூச்சுவிடும் அறை. வெளியே 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) அளவில் இருக்கும் கரியமில வாயு, உள்ளே அரை மணி நேரத்துக்குள் 1,000ஐத் தாண்டிவிட்டது. நுரையீரல் மறுபடி சிவப்பு. மின்விசிறி அதே காற்றைத்தான் சுற்றிவிடும். சாதாரண ஸ்பிளிட் ஏசியும் அப்படித்தான். வகுப்புக்கு ஏசி கேட்டு மனு கொடுத்தவர்களுக்கும் இதுவே என் பதில்.

வேலையிலிருந்து ஓடிவந்து வெயிலில் நிற்பது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும். ஆனால் கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டு உட்கார்ந்திருக்கும் காரின் புகை, சொந்தப் பிள்ளையின் ஜன்னலுக்குள்தான் போகிறது. வண்டியை அணைக்கச் சொன்ன நம் பள்ளி வாசல் காவலரைச் சிலர் மரியாதையில்லாமல் பேசியிருக்கிறார்கள். நான் சொல்லித்தான் அவர் சொன்னார். இனி அப்படி நடந்தால் பொறுத்துக்கொள்ள மாட்டேன். ஜனவரி முதல் இன்ஜின் ஓடும் வண்டிக்கு வாசலில் இடமில்லை. மீறினால் வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு உங்களை நேரில் அழைப்பேன். பள்ளி வேன்களுக்கும் இதே விதிதான், ஓட்டுநர்களிடம் சொல்லியாகிவிட்டது.

கடுமையாக எழுதிவிட்டேனோ என்னவோ. உங்களில் பெரும்பாலோர் சொல்லாமலே அணைப்பவர்கள். ஆட்டோ ஓட்டும் அப்பா ஒருவர் போன வாரம் தெருமுனையிலேயே அணைத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். இப்போது இன்னும் மூன்று ஆட்டோக்கள் அப்படி வருகின்றன. அவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி.

விடுமுறைக்குப் பிறகு நுரையீரல் ஒரு வாரம் வராந்தாவில் இருக்கும். பத்து நிமிடம் முன்னதாக வந்து பாருங்கள். விளக்கம் சொல்ல ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நிற்பார்கள்.

புத்தாண்டு வாழ்த்துகளுடன்,
தலைமையாசிரியர்