அந்த வார்டுல எனக்கு இடம் விட்டவங்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். எழுதணும் எழுதணும்னு தள்ளிப்போட்டுட்டே இருந்தேன், இப்ப 3 மாசமா அட்மிட் ஆகாம இருக்கேன், அந்த தைரியத்துல எழுதுறேன்.

சின்ன வயசுலேர்ந்தே எனக்கு வீசிங், மாவு மில்லு வேலைக்கு போனப்புறம் முத்திடுச்சு. போன போகி அன்னைக்கு விடியக்காலைல தெரு பூரா டயர் பொகை, அதுல ஆரம்பிச்சு 5 தடவை பெரியாஸ்பத்திரி வாசம்.

மொதல்ல அந்த ஆட்டோ அண்ணனுக்கு. ஒரு வார்த்தை பேச முடியாம கம்பியப் புடிச்சுக்கிட்டு குனிஞ்சு உக்காந்திருந்தேன், ஹாரன விடாம அடிச்சுக்கிட்டே கொண்டு போயி எறக்கிவிட்டு, காசு எடுக்கப் போனா "உள்ள போ தம்பி மொதல்ல"ன்னு கத்துனீங்களே.

வார்டு நிலைமைய சொல்லணும். பெட்டுக்கு ரெண்டு பேரு, கட்டிலுக்கு அடியில ஒருத்தரு, வராண்டா பூரா பாய். எங்கள மாதிரி ஆளால படுக்க முடியாதுங்க, படுத்தா நெஞ்சு அடைக்கும், சாஞ்சு உக்கார ஒரு செவுரு வேணும், அந்த செவுரோரத்துக்குத்தான் அங்க பயங்கர டிமாண்ட். தன்னோட இடத்த எனக்கு விட்டுட்டு நடுவுல போயி சுருண்டு படுத்த தாத்தா, உங்களுக்கும் இருமல்தான், எனக்குத் தெரியும். ஃபேன் காத்து அந்த மூலைக்கு வராதுன்னு அங்க இருந்த ஒரு பாட்டி ராத்திரி பூரா பனையோல விசிறியால என் மூஞ்சிக்கு வீசிக்கிட்டே இருந்தாங்க. மூஞ்சில காத்து பட்டாலே பாதி பயம் போயிடும், அனுபவிச்சவங்களுக்குத்தான் புரியும்.

நைட் டூட்டி சிஸ்டர், உங்ககிட்ட வாங்காத திட்டு இல்ல. மருந்த பொகையா மூச்சுல இழுக்க வைக்கிற நெபுலைசர் மெஷினுக்கு வரிசைல நின்ன அன்னைக்கு எனக்கு இழுப்பு சத்தம் நின்னுடுச்சு, அம்மா அப்பாடான்னு சாமி கும்பிடுறாங்க, நீங்க மட்டும் ஓடி வந்து விரல்ல மெஷின மாட்டி ஆக்சிஜன் 86னு பாத்துட்டு, சத்தம் நின்னா காத்தே போகலைன்னு அர்த்தம்னு கத்தி ஆக்சிஜன் வெச்சு டாக்டர கூப்ட்டீங்க. ஸ்டீராய்டு ஊசி, மெக்னீசியம் ட்ரிப்ஸ்னு விடிஞ்சிடுச்சு.

அந்த சின்ன டாக்டரம்மா. தூக்கமில்லாத கண்ணோட சீட்டுக்குப் பின்னாடி மூச்சுக்குழாய் படம் வரைஞ்சு, நீலக்கலர் பம்ப் (இன்ஹேலர்) குழாயத் தொறக்கும் அவ்ளோதான், உள்ள இருக்குற வீக்கத்துக்கு டெய்லி போடுற இன்னொரு பம்ப்தான் மருந்துன்னாங்க. நான் நல்லா இருந்தா அத நிறுத்திடுவேன், பழக்கமாயிடும்னு ஊர்ல சொன்னத நம்பி. 5 தடவையும் அதான் நடந்திருக்கு! பம்புல மாட்டி மருந்த இழுக்குற ஸ்பேசர் டப்பா வாங்க காசில்லைன்னதும் காலி தண்ணி பாட்டில் அடியில ஓட்ட போட்டு பம்ப சொருகி இழுக்கச் சொல்லிக் குடுத்தாங்க, இழுத்ததும் வாய் கொப்பளிக்கணும்னு பத்து தடவை சொன்னாங்க. இன்னைக்கும் அந்த பாட்டில்தான்.

கோவமே இல்லையான்னா இருக்கு, ஒரே நெபுலைசர வெச்சுக்கிட்டு அத்தன பேர அல்லாட விட்டவங்க மேல. அங்க நின்னு வேலை பாத்தவங்க மேல இல்ல.

கொசுவத்தி கொளுத்துறத விட்டுட்ட ஹவுஸ் ஓனர் அம்மா, என்ன பில்லு போடுற எடத்துக்கு மாத்துன மொதலாளி, ஒரு ரூபா இட்லிய வாங்கிட்டு வந்து அம்மாவ சாப்பிட வெச்ச பக்கத்து பெட் அக்கா, எல்லாருக்கும் நன்றி.

பாட்டி, டிஸ்சார்ஜ் அவசரத்துல உங்க விசிறி எங்க பையோட வந்துடுச்சு. ஓரம் கொஞ்சம் பிஞ்சிருந்துச்சு, அம்மா துணி வெச்சுத் தச்சு வெச்சிருக்காங்க. எந்த ஊருன்னு கேக்காம விட்டுட்டேனே.