5,000 ரூபாய்க்கு உட்பட்ட திருட்டும் சமூக சேவைத் தண்டனையும்: ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் உள்துறைச் செயலர் அவர்களுக்கும், சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறைத் தலைமை இயக்குநர் அவர்களுக்கும்,

வணக்கம். குற்றவியல் நடுவர் நீதிமன்றங்களில் எளியவர்களின் வழக்குகளை நடத்திவரும் வழக்கறிஞர் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன்.

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, சமூக சேவையையும் தண்டனை வகைகளுள் ஒன்றாகச் சேர்த்துள்ளது. பொது இடத்தில் குடித்துவிட்டுத் தகராறு செய்வது, அவதூறு உள்ளிட்ட சில குற்றங்களில் அது ஒரு மாற்று வழி மட்டுமே. ஆனால், 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளைத் திருடி, முதன்முறையாகத் தண்டிக்கப்படுபவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், பிரிவு 303(2)இன்படி அவருக்குச் சமூக சேவைதான் தண்டனை.

அந்த 5,000 ரூபாயை யார் கணக்கிடுகிறார்கள் என்பதே என் முதல் கவலை. அண்மையில் நான் எடுத்து நடத்திய வழக்கில், தேநீர்க் கடையில் வேலை செய்யும் 19 வயது இளைஞர், வாடிக்கையாளர் பெஞ்சில் மறந்து வைத்துவிட்டுப் போன கைப்பேசியை எடுத்துக்கொண்டார். திரையில் விரிசல் விழுந்து, பின்மூடி ரப்பர் பேண்டால் கட்டப்பட்டிருந்த அந்தக் கைப்பேசி அன்றிரவே மீட்கப்பட்டது. பழைய போன் கடையில் 2,000 ரூபாய்க்குக்கூட எடுக்க மாட்டார்கள். முதல் தகவல் அறிக்கையிலோ, மூன்று ஆண்டுகளுக்கு முன் வாங்கிய விலையான 11,500 ரூபாய் எழுதப்பட்டிருந்தது. எழுதியவரிடம் தீய நோக்கம் இருந்ததாக நான் சொல்லவில்லை. புகார்தாரர் நீட்டிய பில்லைப் பார்த்து எழுதினார், அவ்வளவுதான். ஆயினும், 5,000க்குக் கீழ் இருந்தால் பிணையில் விடத்தக்கதாகவும், நடுவரின் உத்தரவின்றிக் காவல்துறை புலன் விசாரணை செய்ய இயலாததாகவும் இருந்திருக்க வேண்டிய குற்றம், அந்த ஓர் எண்ணால் மூன்று ஆண்டுகள் வரை சிறைக்குரிய, பிணையை உரிமையாகக் கோர முடியாத குற்றமாக மாறிவிட்டது. தீர்ப்பில்கூடச் சிறை விதிக்க இடமில்லாத ஒரு செயலுக்காக அவர் 12 நாள் ரிமாண்டில் இருந்தார். திருட்டு நடந்த நாளில் பொருளுக்கு இருந்த சந்தை மதிப்பையே பதிவு செய்ய வேண்டும் என்று எல்லாக் காவல் நிலையங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்புமாறு வேண்டுகிறேன்.

அடுத்தது, தண்டனையை நிறைவேற்றும் முறை. சமுதாயத்துக்குப் பயன்படும், ஊதியமில்லாத வேலை என்று விளக்குவதோடு, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 23ஆம் பிரிவு நின்றுவிடுகிறது. எத்தனை மணி நேரம், எங்கே, யார் மேற்பார்வையில் என்று அது சொல்வதில்லை. தீர்ப்பு நகலோடு அரசு மருத்துவமனை வாசலில் காலை ஒன்பது மணிக்கு வந்து நிற்பவரை உள்ளே அழைத்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கப் பொறுப்பான ஒருவர் வேண்டும். 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டப்படி பணியாற்றும் நன்னடத்தை அலுவலர்களிடம் இப்பொறுப்பைத் தர வேண்டுமே தவிர, காவல் நிலையத்திடம் தரலாகாது. தினக்கூலியில் வாழ்பவருக்கு ஞாயிற்றுக்கிழமைகளிலோ மாலை நேரங்களிலோ வேலை ஒதுக்கினால், அவர் வீட்டில் அடுப்பு அணையாது.

வேலையின் தன்மை குறித்தும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சாக்கடை அள்ளுவதையும் குப்பை அகற்றுவதையும் தயவுசெய்து இப்பட்டியலில் சேர்க்க வேண்டாம். இந்தச் சமூகம் சில சாதியினர் மீது தலைமுறை தலைமுறையாகச் சுமத்திவந்த பிழைப்பை நீதிமன்றமே தண்டனை என்று அறிவிப்பது, நாள்தோறும் அவ்வேலையைச் செய்பவர்களுக்கு இழைக்கப்படும் அவமதிப்பாகும். நூலகத்தில் புத்தகம் அடுக்கலாம், பள்ளி வளாகத்தில் மரக்கன்றுகளைப் பராமரிக்கலாம், புறநோயாளிகள் பிரிவில் முதியோருக்கு வழிகாட்டலாம். துடைப்பத்தோடு நிற்க வைத்துப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் பரப்புவதை வெளிப்படையாகவே தடை செய்ய வேண்டும்.

மேலே சொன்ன இளைஞரின் வழக்கு வரும் மாதம் மீண்டும் விசாரணைக்கு வருகிறது. கைப்பேசியின் உண்மையான மதிப்பை நிர்ணயிக்கக் கோரி மனு கொடுத்திருக்கிறேன். அது ஏற்கப்பட்டு அவருக்குச் சமூக சேவை விதிக்கப்பட்டால், மறுநாள் காலை அவர் எங்கே போய் யாரைப் பார்க்க வேண்டும் என்பதை அதற்குள் தாங்கள் அறிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
குற்றவியல் வழக்கறிஞர் ஒருவர்